லேம்ப் ரூம் கதவில் எழுதிய லத்தீன்

மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத் தரை ஆடியது. லேம்ப் ரூம் சுவரில் கொக்கிகளில் தொங்கிய பித்தளை டோக்கன்கள் எல்லாம் ஒன்றாகச் சிணுங்கின. தங்கவயலில் பிறந்தவர்களுக்கு அந்த ஆட்டம் புதிதல்ல. கீழே சுரங்கத்தில் எங்கோ பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் இருந்தால் அலமாரிப் பாத்திரங்கள் உருளும். பெண்கள் தெருவுக்கு ஓடிவந்து எந்தச் சுரங்க ஷாஃப்ட் பக்கம் என்று கேட்பார்கள். நான் அன்று வீட்டில் இல்லை. கீழே யார் யார் இருக்கிறார்கள் என்று பதில் சொல்ல வேண்டிய இடத்தில், அந்தச் சுவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குச் சில வருடங்கள் கழித்து, இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். எங்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லேம்ப் ரூமைக் காலி செய்ய வந்த பையன்கள் கதவைச் சாத்தியபோது அதன் உள்பக்கத்தில் மங்கலாக ஒரு சாக்பீஸ் வரி தெரிந்தது.

"இன்னாக்கா இது? இங்கிலீஷா?"

"லத்தீன்."

"மாதா கோயில் ஜெபமா?"

"இல்லப்பா. காதலப் பத்தி."

சிரித்தார்கள். "லேம்ப் ரூம்ல காதலா! யாருக்கா எழுதினது, சொல்லுங்க" என்று கேட்டார்கள். நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை. இன்னொரு நாள் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்த இன்னொரு நாளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா சுரங்கத்தில் இறந்தபோது எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. நான் பி.யூ.சி. முடித்திருந்தேன். கருணை அடிப்படையில் எனக்கு, கீழே இறங்குபவர்களுக்கு விளக்குக் கொடுத்து வாங்கும் லேம்ப் ரூமில் வேலை கொடுத்தார்கள். பேட்டரி ஆசிட் தெறித்துப் புடவை ஓட்டையாவது, பெல்ட் பக்கிள் மாட்டுவது, பேட்டரி மூடியின் பூட்டை விரலாலேயே சோதிப்பது என்று பயிற்சிக் காலம் ஓடிவிட்டது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஜெரோம் சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஜெரோம் சார் லேம்ப் ரூம் ஃபோர்மேன். வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட், பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ். அவருடைய ஒழுங்கு இப்படி. தொழிலாளி ஜன்னலுக்கு வந்து முதலில் தன் டோக்கனைத் தர வேண்டும். டோக்கன் நம் கைக்கு வராமல் லேம்ப் வெளியே போகக் கூடாது. டோக்கனில் பொறித்திருக்கும் எண்ணைச் சத்தமாகப் படித்து, அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் "சரி" என்று சொன்ன பிறகுதான் லேம்ப். குடித்திருந்தாலோ, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த முகமாக இருந்தாலோ, ஓரமாக நிற்கவைப்பார். டோக்கனை, போர்டு என்று நாங்கள் சொல்லும் அந்தச் சுவரில் அதற்குரிய கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தவன் லேம்பைத் திருப்பிக் கொடுத்தால் டோக்கனைக் கொடுப்போம். கொக்கியில் டோக்கன் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான். கொக்கி காலியாக இருந்தால் மேலே வந்துவிட்டான். "நடுவுல ஒண்ணும் கிடையாது கனகா" என்பார் ஜெரோம் சார். "எது நடந்தாலும் மொதல்ல போர்டைப் பாரு. அப்புறம் மனுஷன் மூஞ்சியப் பாரு."

இளவயதில் அவர் பாதிரியாராகப் படித்தவர். லத்தீன் அங்கே கற்றது. ஒரு பெண்ணுக்காகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். வந்து சேர்வதற்குள் அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. பிறகு அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். படிப்பில் மிஞ்சியது ஜெபங்கள் அல்ல. ஏசு பிறப்பதற்கு முன்னும் பின்னும் ரோமாபுரியில் வாழ்ந்தவர்கள் காதலைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் மனுஷ புத்தியைப் பற்றியும் சொல்லிவைத்த சின்னச் சின்ன வாசகங்கள். திங்கள்கிழமை காலை கதவின் உள்பக்கத்தில் ஒன்றை எழுதுவார். லேம்புக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டி, தமிழில் அர்த்தம் சொல்வார்.

காதலிப்பவனுக்குப் புத்தி வேலை செய்யாது, தெய்வமே காதலித்தாலும் அப்படித்தான் என்று ஒன்று. வேண்டாம் என்று தடுத்ததைத்தான் மனசு போய்ப் பிடித்துக்கொள்ளும் என்று ஒன்று.

"சார், இத ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க சார்" என்று டிராலி தள்ளும் பையன் ஒருவன் கேட்டான்.

"எதுக்குடா?"

"ஒரு பொண்ணுக்குக் குடுக்கத்தான். தமிழ்ல எழுதினா புரிஞ்சிகினு அவங்க அண்ணன இட்டாந்துடறா. இது புரியாது இல்ல? அடி வுழாது."

வரிசையே சிரித்தது. ஜெரோம் சார்தான் அதிகம் சிரித்தார். "செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. ஆனா நம்ம ராபர்ட்சன்பேட்டை பசங்களப் பாத்துகினே எழுதின மாதிரி இருக்கு பாரு" என்பார் என்னிடம்.

எனக்கும் அந்த வாசகங்கள் பிடித்திருந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றைப் படித்துப் படித்து அவருக்கு ஒரு மெத்தனம் வந்திருந்தது. மனுஷ சுபாவம் இப்படித்தான், தடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று. அது லேம்ப் ரூமுக்கு ஆகாத எண்ணம்.

இளம் தொழிலாளிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. "டோக்கனத் தொங்கவிட்டுப் போறது" என்பார்கள். காலையில் டோக்கனைக் கொடுத்து லேம்பை வாங்கிக்கொள்வான். ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏறாமல், கூட்டத்தோடு கூட்டமாகப் பின்கேட் வழியாக வெளியே போய்விடுவான். கேஜில் தலையைத்தான் எண்ணுவார்கள், பெயரைக் கேட்கமாட்டார்கள். கீழே கூட்டாளி ஒருவன் "இங்கதான் இருந்தான், அந்தப் பக்கம் போய்க்கிறான்" என்று மேஸ்திரியிடம் சமாளிப்பான். சினிமாவோ, கிரிக்கெட்டோ, பெண்ணோ, வேலை முடிந்ததும் வந்து ஷிஃப்ட் முடியும் நேரத்தில் லேம்பைக் கொடுத்து டோக்கனை வாங்கிக்கொள்வான். ஆஜர் கெடாது. வீட்டுக்கும் தெரியாது. ஜெரோம் சாருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி திரும்பிக்கொள்வார்.

"சார், போர்டு பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்று ஒருமுறை கேட்டேன்.

"எப்பவோ ஒருத்தன் நழுவிப் போறான் கனகா. அந்த வயசுல உடம்பு இங்க இருந்தாலும் உயிர் இங்க இருக்காது. போர்டு உடம்பத்தான சொல்லும்?" என்றார். அதற்கும் ஒரு வாசகம் வைத்திருந்தார்.

என் கணவர் தணிகாசலம் டிம்பர் வேலை செய்பவர். கீழே கூரைக்கு மர முட்டுக் கொடுப்பது. அதோடு மீட்புக் குழுவிலும் இருந்தார். எங்கே பாறை சரிந்தாலும் இவர்கள்தான் முதலில் இறங்க வேண்டும். எத்தனை பேரைத் தூக்கி வந்தார் என்று வீட்டில் சொன்னதில்லை. தூக்கி வந்த அன்று மட்டும் சாப்பிடாமல் படுத்துவிடுவார். எங்களுக்கு ஒரே பெண், மலர். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த ஜன்னலில்தான் சேகர் அவளைப் பார்த்தான்.

சேகர் நல்ல பையன். அப்பா இல்லாத வீடு. ஆள் எடுப்பது அநேகமாக நின்றுபோன காலத்தில், அப்பாவின் இடத்தில் வேலைக்கு வந்தவன். ஜாதி, பணம் எதிலும் சொல்லும்படி குறையில்லை. விஷயம் தெரிந்ததும் என் கணவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "கேஜ்ல ஏர்றவனுக்கு என் பொண்ணு கிடையாது."

ஜெரோம் சார் எங்கள் வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டே, தடுக்கத் தடுக்கத்தான் வளரும் என்று தன் பழைய ஆட்கள் சொன்னதை எல்லாம் சொன்னார். என் கணவர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு தணிகா."

"நீங்க சொல்றீங்களே, அந்த ரோமாபுரி ஆளுங்க. அதுல யாராவது ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கிறாங்களா?"

ஜெரோம் சார் காபியைக் கீழே வைத்தார். "நான் தூக்கிக்கிறேன்" என்றார் இவர். "மேல வந்ததும் கேட்டாண்ட நிக்கிற பொம்பள மூஞ்சியப் பாத்துக்கிறேன். அங்க மலர நிக்கவைக்க என்னால ஆவாது."

உள்ளே மலர் அழுதுகொண்டிருந்தாள். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இருவர் சொல்வதும் சரி என்று பட்டது. அந்தத் திங்கள்கிழமை ஜெரோம் சார் கதவில் எழுதியதுதான் கடைசி வரை அழியாமல் இருந்த வரி. காதலிப்பவன் உயிர் அவன் உடம்பில் குடியிருப்பதில்லை, அடுத்தவர் உடம்பில்தான் என்பது அதன் கருத்து.

அந்த வாரமே ஒரு நாள் மலர் கோலாருக்கு டைப்ரைட்டிங் பரீட்சை என்று காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள். ஜெரோம் சார் லீவு. கோலாரில் கோர்ட்டு வேலை என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். ஜன்னல் பொறுப்பு என்னுடையது. சேகர் வந்தான். எண்ணைப் படித்தேன். முகத்தைப் பார்த்தேன். சவரம் செய்து பவுடர் போட்டிருந்தான். "சரி" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "வர்றேன் அத்தே" என்றான். எனக்குச் சுருக்கென்றது. வரிசை நீளமாக இருந்தது. லேம்பைக் கொடுத்துவிட்டு டோக்கனை மாட்டினேன்.

மதியம் தரை ஆடியது.

சைரன் ஊதியது. கேஜ் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருந்தது. மேலே வந்தவர்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்தார்கள். லேம்பை வாங்கினேன், டோக்கனைக் கொடுத்தேன். எண்ணைச் சத்தமாகவே படித்தேன். அடிபட்டவர்களை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதில் சேகரின் கூட்டாளி ஏசுதாசும் இருந்தான். அவனுக்கு நினைவு இல்லை. அவனுக்காக வேறொருவர் லேம்பைக் கொண்டுவந்து கொடுத்தார். சுவர் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரே ஒரு டோக்கன். சேகருடையது.

அவனுடைய அம்மா கேட்டுக்கு வந்துவிட்டாள். "எம்புள்ள ஷிஃப்ட்டுக்குத்தாம்மா வந்தான். டிபன் பாக்ஸ் எடுத்துகினு வந்தான். நானே கட்டிக் குடுத்தேன்" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். கேஜில் ஆள் ஏற்றுபவரைக் கேட்டேன். "ஃபுல்லாத்தாம்மா போச்சி. யார் மூஞ்சின்னு பாத்தேன்?" என்றார். ஏசுதாஸ் கண் விழிக்கவில்லை. கோலாருக்குப் போன் போட்டு யாரை எங்கே தேடச் சொல்வது?

மீட்புக் குழு வந்தது. அவர்களும் டோக்கன் கொடுத்துத்தான் லேம்ப் வாங்க வேண்டும். என் கணவர் ஜன்னலுக்கு வந்தபோது நான் எண்ணைப் படிக்கவில்லை.

"இன்னாங்க, கொஞ்சம் கேளுங்க. அவன் கீழ போவலயோன்னு தோணுது. காலைல பவுடர் போட்டுகினு வந்தான். மலர் கோலாருக்குப் போய்க்கிறா. ஜெரோம் சாரும் லீவு. டோக்கனத் தொங்கவிட்டுட்டுப் போயிட்டான்னு நெனைக்கிறேன்."

அவர் ஜன்னல் பலகையில் கையை ஊன்றினார். பின்னால் மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"நீ சொல்றது நெசமா இருந்தா நல்லதுதான். ரெண்டு பேரையும் செருப்பாலேயே அடிக்கலாம். நெசம் இல்லன்னா?" சேகரின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அவங்களாண்ட இன்னா சொல்லுவ? எம்பொண்ணு கோலாருக்குப் போய்க்கிறா, அதனால உம்புள்ளயத் தேடலன்னா? டோக்கன் தொங்குதா இல்லயா?"

"தொங்குது."

"அப்ப ஆளு கீழதான். நம்பரப் படி."

படித்தேன். "சரி" என்றார். லேம்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு, பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கெடச்சான்னா கொண்டாரேன். அப்புறம் உன் பொண்ணு இஷ்டம். நான் குறுக்க வரல."

கேஜ் மணி அடித்தது. இறங்கினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். இப்போது மலர் ஓசூரில் இருக்கிறாள். ஒரு பேரன். சேகர் அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான், தரைக்கு மேலே. என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். அவன் சாப்பிடும்போது சில நாள் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். அவன் தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை. மலர் அப்பா படத்துக்கு நேராக உட்காரமாட்டாள். பேரன் பள்ளியிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால் நான் தெருமுனைக்குப் போய் நிற்கிறேன். வீட்டில் எல்லோரும் வந்தாயிற்றா என்று வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். வந்தாலும் நெஞ்சு அடங்குவதில்லை. "ஏம்மா இப்படி இருக்கீங்க" என்று மலர் கேட்கிறாள். கேட்டுவிட்டு அவளே அழுகிறாள்.

அந்த லத்தீன் வாசகங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இத்தனை வருடம் யோசித்துவிட்டுச் சொல்கிறேன். காதலித்தவன் புத்தியில்லாமல்தான் நடந்தான். தடுத்ததைத்தான் பிடித்துக்கொண்டான். அவன் உயிர் அன்று அவன் உடம்பில் இல்லை. எல்லாம் சரி. ஆனால் எல்லாமே ஆசைப்பட்டவனைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆசைப்பட்டவனைத் தேடி இறங்கியவனைப் பற்றி அதில் ஒரு வரி உண்டா என்று நானும் ஜெரோம் சாரிடம் கேட்டதில்லை. கேட்க அவர் இல்லை. அந்த நாளுக்குப் பிறகு அவர் வேலைக்கே வரவில்லை. கதவை யாரும் துடைக்கவில்லை.

சாயங்காலம், வெயில் மஞ்சளாக இருக்கும்போதே, இன்னொரு முறை தரை ஆடியது. முதல் ஆட்டத்தைவிடச் சின்னது. அப்போது சுவரில் மீட்புக் குழுவின் டோக்கன்களும் சேகரின் டோக்கனும்தான் இருந்தன. அவை லேசாக அசைந்து நின்றுவிட்டன.

வெகுநேரம் கழித்துக் கேஜ் மேலே வந்தது. குழு ஆட்கள் மண்ணும் தூசியுமாக இறங்கினார்கள். என்னைப் பார்க்காமல் லேம்பைக் கொடுத்தார்கள். டோக்கனை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். கடைசி ஆள் லேம்பைக் கொடுத்து டோக்கனை வாங்கிய பிறகும் போகாமல் அங்கேயே நின்றார். அவர் என் கணவரோடு சேர்ந்து வேலை கற்றவர்.

"பையன் கெடைக்கலம்மா" என்றார். "டிபன் பாக்ஸ்கூட இல்ல. இன்னும் கொஞ்சம் உள்ளாறப் பாத்துடலாம்னு தணிகாதான் முன்னால போச்சி. நாங்க வேணாம்னுதான் சொன்னோம். ஒரு அம்மா கேட்டாண்ட நிக்கிது, சும்மா எப்டி மேல போறதுன்னிச்சி. மொத்தக் கூரையும் அது மேல வந்துடிச்சிம்மா. கை வெச்சிப் பாத்தோம். கூப்பிட்டுப் பாத்தோம். சத்தம் இல்ல."

போர்டைப் பார்த்தேன். இரண்டு டோக்கன்கள். ஒன்று சேகருடையது. இன்னொன்று என் கணவருடையது.

நான் அழவில்லை. வேலை முடியவில்லை என்றுதான் தோன்றியது. ஜன்னலிலேயே நின்றேன். சேகரின் அம்மா என் பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தோம்.

அப்போது கேட் பக்கம் கூட்டம் விலகியது. கோலார் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக ஜெரோம் சார் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நெற்றியில் யாரோ வைத்துவிட்ட சந்தனம். ஒரு கையில் ஸ்வீட் பாக்ஸ். இன்னொரு கையில் அவர் வாங்கிப் பத்திரமாக வைத்திருந்த சேகரின் லேம்ப். பாறை வெடித்ததையும் ஒரு பையன் உள்ளே மாட்டிக்கொண்டான் என்பதையும் பஸ்ஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பையன் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

எது நடந்தாலும் முதலில் போர்டைப் பார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், போர்டைப் பார்க்காமல் நேரே என் முகத்தைப் பார்த்தார். நான் அழாமல் நின்றிருந்ததில் அவருக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். லேம்பை ஜன்னல் பலகையில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க, எங்கள் இருவரையும் பார்த்து, ஏறக்குறைய சிரித்த முகமாகச் சொன்னார்.

"பதறாதீங்கம்மா. சேகர் மலரோட கோலார்ல இருக்கான். காலைல கல்யாணம் ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, நான்தான் சாட்சி. தேடறத நிறுத்தச் சொல்லு கனகா. உள்ள யாருமே இல்ல."